பளிச்சக்கா துவைக்காத வாரம்

சலவைக்கடை அம்மாவைத் தெருவில் எல்லாரும் பளிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ரசீதுப் புத்தகத்தில் ரப்பர் ஸ்டாம்பாக இருக்கிறது, அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். துணியைக் கையில் வாங்கும்போதே, "நாளைக்கு வாங்க, பளிச்சுன்னு தரேன்" என்பாள். இருபத்தேழு வருஷமாக இதையே சொன்னால் ஜனங்கள் பின்னே என்ன பெயர் வைப்பார்கள்? வயது ஐம்பத்து மூன்று. உயரம் கம்மி, குரல் ஜாஸ்தி. கறை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதைப் போக்கும் வரை சோறு இறங்காது. ஒரு விருந்துக்குப் போன இடத்தில், முன்பின் தெரியாத பெரிய மனிதர் ஒருவரை மறித்து நிறுத்தி, அவர் சட்டைக் கையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இது மை. தண்ணி படாம எங்கிட்ட கொண்டாங்க" என்று சொன்னவள்.

"அவர் யாருன்னு தெரியுமா உனக்கு?" என்று வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார்.

"யாரா இருந்தா என்னங்க? மை மைதானே?"

வீட்டுக்காரருக்கு அதே கடையில் இஸ்திரி மேஜை. பேச்சு குறைவு, பேசினால் குத்தல். கீழே கடை, மாடியில் வீடு. இரண்டு துவைக்கும் மெஷின், ஒரு டிரையர், கறை எடுக்கிற மேஜை, அதன் மேல் வரிசையாக ஒன்பது பாட்டில். சுவரோரம் கம்பியில் தொங்கும் துணி ஒவ்வொன்றிலும் ஊக்கு குத்திய நம்பர் சீட்டு. ஒரே மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். வருஷத்துக்கு ஒரு முறை மூட்டை நிறைய அழுக்குத் துணியோடு வருவான், அவளுக்கும் அதில் பரம சந்தோஷம்.

துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். பேன்ட்டின் இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தால் வீட்டில் தவழ்கிற குழந்தை இருக்கிறது. காலர் மட்டும் அழுக்காகி மற்றதெல்லாம் புதுசாக இருந்தால் நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஆள். இதையெல்லாம் வீட்டுக்காரரிடம்கூட மூச்சுவிட மாட்டாள். துணி சொன்னதை அடுத்தவர் காதில் போட்டால் மறுநாளே கடையை மூட வேண்டியதுதான்.

அவளுக்கு நாய் என்றால் பயம். நாய் முடி என்றால் பகை. கறையாவது ஒட்டின இடத்தில் மரியாதையாக இருக்கும். முடி அப்படியா? இன்றைக்கு ஒரு கம்பளியில் வந்தது நாளைக்கு டாக்டரின் வெள்ளைக் கோட்டில் போய் உட்கார்ந்திருக்கும். அப்புறம் யார் போய்ப் பதில் சொல்வது?

அப்பேர்ப்பட்டவள் தலையில் நாய்ப் போர்வையைக் கட்டியது அவளுடைய தம்பிதான். தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை, வழுக்கை விழுந்த நாற்பத்தாறு வயசுத் தம்பி. பார்க்காத வேலை இல்லை, நிலைத்த வேலையும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊரின் ஓரத்தில் இருக்கும் விலங்குக் காப்பகத்தில் வேன் ஓட்டப் போனான். தெருவில் அடிபட்டதையும், யாரோ கைவிட்டதையும் ஏற்றி வருகிற வேலை. எப்படியோ அதில் ஒட்டிக்கொண்டான். ஒரு மழை வாரத்தில் வேன் நிறையப் போர்வையோடு கடை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, அங்க மெஷின் ரிப்பேர். இந்த ஒரு தடவை மட்டும்."

"நாய்ப் போர்வையா? என் மெஷின்லயா? மொதல்ல வண்டிய எடுடா!"

சொல்லும்போதே அவள் கண் மேலாக இருந்த போர்வைமேல் விழுந்துவிட்டது. இழுத்துப் பிரித்தாள். முகர்ந்தாள். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"இது துவைச்சதா?"

"ஆமாக்கா. கையாலயே ரெண்டு தரம் துவைச்சாங்க."

"யாருடா துவைச்சது? அவங்களுக்குக் கையிருக்கா இல்லையா? அந்த வாயில்லாப் பிராணி இதுலயா படுக்கும்? எறக்கு எல்லாத்தையும்!"

அந்த ஒரு தடவைக்கு இப்போது ஆறு வயது ஆகிறது. கடைக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பின்கட்டில், இதற்கென்றே பழுது பார்த்து வைத்த பழைய மெஷினில் காப்பகத்துப் போர்வைகள் மட்டும் ஓடும். ஒவ்வொரு போர்வையிலும் நாய் இருக்கும் கூண்டின் நம்பரைத் தைத்துக் கொடுத்ததும் அவள்தான். ஓசிச் சேவை என்று யாராவது புகழ்ந்தால் பிடிக்காது. "அழுக்கைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல, அவ்வளவுதான்" என்பாள்.

மனுஷத் துணியிடம் கேட்டு வாங்குகிற சேதியைப் போர்வையிடமும் வாங்க ஆரம்பித்தாள். இங்கே வாயை மூடிக்கொள்ளவும் வேண்டியதில்லை. "நாலாம் நம்பருக்கு வயிறு சரியில்லடா. ஒன்பது சொறியுது, ஓரமெல்லாம் ரத்தப் பொட்டு. பதினாலு முன்ன மாதிரி முனையைக் கடிக்கிறதில்ல, பல்லு வலியோ என்னமோ, பாக்கச் சொல்லு." பார்த்தால் பதினாலுக்கு நிஜமாகவே கடைவாய்ப் பல் உடைந்திருந்தது. அன்று முதல் திங்கட்கிழமை காலையில் கால்நடை டாக்டர் தம்பியைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "உங்கக்கா என்ன சொன்னாங்க?"

இத்தனைக்கும் அவள் ஒரு நாயைக்கூட நேரில் பார்த்ததில்லை. தம்பி எத்தனையோ தடவை கூப்பிட்டான். "போர்வை போதும்டா எனக்கு" என்று சொல்லிவிட்டாள். ஒரு நம்பர் வரவில்லை என்றால் யாரோ வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று அர்த்தம். அந்த ஞாயிறு முழுக்க அவள் முகத்தில் சிரிப்பு இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருபத்திரண்டாம் நம்பர் போர்வைக்குள் சுருட்டி வைத்த ஒரு சட்டை வந்தது. ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, காப்பிப்பொடி நிறத்தில் கட்டம். அதில் ஊக்கால் ஒரு தாள் குத்தியிருந்தது. "துவைக்க வேண்டாம்." அவ்வளவுதான், வேறு விளக்கம் கிடையாது.

பளிச்சக்காவுக்குச் சுருக்கென்றது. சலவைக்காரிக்கே இப்படி ஒரு சீட்டா? இது போகாத அழுக்கு, எதற்கு வீண் வேலை என்று எவரோ எழுதியிருக்கிறார் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காலரில் தலை எண்ணெய். பையில் இருமல் மருந்து சிந்தின தடம். வலது முழங்கை நைந்திருந்தது, நாற்காலிக் கையில் ஊன்றியே உட்கார்ந்திருந்த ஆள். மூன்று பித்தான், மூன்று நிற நூல், ஆகவே தானே தைத்துக்கொண்டு தனியாக இருந்த வயசாளி. கைப்பட்டி முழுக்க நாய் வாயில் வைத்துச் சப்பின பிசுபிசுப்பு. இவ்வளவையும் படித்தாள். தாளை மட்டும் கசக்கிக் குப்பையில் போட்டாள்.

"வேண்டாம்னு எழுதியிருந்துச்சே?" என்றார் வீட்டுக்காரர்.

"எழுதினவங்களுக்கு என்னைத் தெரியாது."

ராத்திரி முழுக்க ஊறவைத்து, மூன்று முறை அலசி, வெயிலில் காயப்போட்டு, பித்தான்களை ஒரே நிற நூலில் மாற்றித் தைத்தாள். வீட்டுக்காரர் தேய்த்துக் கொடுத்தார். புதுச் சட்டை கெட்டது போங்கள். மெல்லிசுத் தாளில் வைத்து மடித்து அனுப்பும்போது அவளுக்கு ஏக மிதப்பு.

வியாழக்கிழமை தம்பி வந்தான். வந்தால் நேராக மாடிக்குப் போய் என்ன இருக்கிறது என்று பாத்திரத்தைத் திறந்து பார்க்கிறவன், அன்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அந்தச் சட்டையைத் துவைச்சிருக்கக் கூடாதுக்கா. இருபத்திரெண்டை வளர்த்த பெரியவர் போன மாசம் இறந்துட்டார். மருமகன் வந்து நாயை விட்டுட்டுப் போகும்போது அவர் போட்டிருந்த சட்டையையும் கொடுத்துட்டுப் போனார். அது மேல தலையை வச்சாத்தான் தூங்கும், அது பக்கத்துல இருந்தாத்தான் சாப்பிடும். போர்வையோட தவறிப்போய் வந்துடப் போகுதுன்னுதான் சீட்டு. திங்கட்கிழமை கொண்டுபோய் வச்சேன். மோந்து பாத்துச்சு. திரும்பிப் படுத்துடுச்சு. நாலு நாளாச்சு, ஒரு வாய் தொடல. டாக்டர் ஊசில ஏத்திக்கிட்டிருக்கார். இப்படியே போனா தாங்காதுங்கறார்."

பளிச்சக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"காப்பகத்து மேடம் என்னைத்தான் பிடி பிடின்னு பிடிச்சாங்க" என்றான் தம்பி. "சீட்டு குத்தச் சொன்னேனே, குத்தினியான்னு. குத்தின ஞாபகம்தான். வழியில விழுந்துடுச்சோ என்னமோ."

இஸ்திரிப் பெட்டி நின்றது. வீட்டுக்காரர் அவளையே பார்த்தார்.

"விழுந்திருக்கும்" என்றாள் பளிச்சக்கா.

சொல்லிவிட்டாளே தவிர, அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. அன்று அவள் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் தம்பியிடம் விலாசம் வாங்கிக்கொண்டு பெரியவரின் வீட்டுக்குப் போனாள். ஒரு துண்டு, ஒரு தலையணை உறை, துவைக்காத ஏதாவது ஒன்று கிடைக்காதா? கதவு திறந்திருந்தது. உள்ளே பெயின்ட் வாடை. ஏணிமேல் ஒருவர் சுவருக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். கீழே நின்ற மருமகன் நல்ல மனுஷர்தான், கையை விரித்தார்.

"எல்லாத்தையும் எடுத்துக் கொடுத்துட்டோம்மா. தரையெல்லாம் கழுவிவிட்டாச்சு. பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுத்தமான வீட்டைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது.

அங்கிருந்து நேரே காப்பகத்துக்குப் போனாள். ஆறு வருஷத்தில் முதல் முறை. கேட்டைத் திறந்ததும் இருபது முப்பது குரல் ஒன்றாக எழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஓடிவிடலாமா என்று நினைத்தவள், முதலில் கண்ணில் பட்ட கூண்டைப் பார்த்ததும் நின்றாள். குட்டையான வெள்ளை முடி, நுனி மட்டும் கறுப்பு. இந்த முடியை எத்தனை ஞாயிற்றுக்கிழமை உருட்டி எடுத்திருக்கிறாள்!

"அட, நீதான் ஒன்பதா? சொறி போச்சா?" என்றாள், பயத்தை மறந்து.

வரிசையாக எல்லாரையும் அடையாளம் கண்டுகொண்டே போனாள். கடிதத்தில் மட்டும் பழகின சொந்தக்காரர்களை முதன்முதலாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. இருபத்திரண்டாம் கூண்டு வந்ததும் அந்தச் சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. செம்பட்டை நிறம், வயசான நாய், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. சட்டை ஒரு மூலையில் கிடந்தது. அவள் மடித்த மடிப்பு கலையாமல், அப்படியே கிடந்தது.

காப்பகத்தை நடத்துகிற அம்மா ஒரு கையில் மருந்து டப்பாவோடு வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கண்டிப்பான முகம். பளிச்சக்கா கும்பிடக்கூட இல்லை.

"சீட்டு விழல மேடம். இருந்துச்சு. நான் படிச்சேன். படிச்சுட்டுத்தான் துவைச்சேன். எந்தம்பி மேல தப்பில்ல."

"படிச்சியா?" அந்த அம்மாவின் குரல் உயர்ந்தது. "படிச்சுமா துவைச்சே? அந்த மனுஷனோட மிச்சமே அது ஒண்ணுதானேம்மா அந்த ஜீவனுக்கு! துவைக்க வேண்டாம்னா துவைக்க வேண்டாம்தான், அதுல என்ன உனக்கு?"

பளிச்சக்கா வாங்கிக் கட்டிக்கொண்டாள். எதிர்த்துப் பேசாமல் அவள் திட்டு வாங்கினது அன்றைக்குத்தான். எல்லாம் தீர்ந்ததும் கேட்டாள், "இப்ப நான் என்ன செய்யணும்?"

அந்த அம்மா நாயைப் பார்த்தார். "போன வாசனை போனதுதான். இனிமே அதுக்கு வேற ஒரு ஆள் வாசனை பழகணும். தினமும் ஒரே ஆள் வரணும். ஒரே துணியோட வரணும், அதைத் துவைக்கக் கூடாது. கூப்பிடக் கூடாது, தடவக் கூடாது, பக்கத்துல சும்மா உக்காரணும். அதா வந்தா உண்டு, இல்லேன்னா இல்ல. உன்னால முடியுமா?"

யாரைப் பார்த்து என்ன கேட்கிறார் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு ஏப்ரன் மாற்றுகிறவளிடம் துவைக்காதே என்கிறார். இரண்டு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாதவளிடம் சும்மா உட்கார் என்கிறார். "முடியும்" என்றாள் பளிச்சக்கா.

வேலையில் மாட்டியிருந்த நீல ஏப்ரனையே போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து அதோடு வேலை, கடை ஓய்ந்திருக்கும் இரண்டு மணிக்குக் காப்பகம், நாலு மணிக்குத் திரும்ப அதே ஏப்ரனோடு கடை. இரண்டாம் நாளே நெஞ்சில் ஒரு மஞ்சள் கறை விழுந்தது. அது அவளையே முறைத்துப் பார்த்தது. கை பரபரத்தது. ஒன்பது பாட்டிலில் எந்தப் பாட்டில் என்று மனம் தானாகவே எண்ணியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் தன் வெள்ளைக் கோட்டை வாங்க வந்த வாடிக்கை டாக்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஏதாவது முடியலையாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். வேண்டுதல் மாதிரி வச்சுக்குங்களேன்."

வீட்டுக்காரர் மட்டும் இஸ்திரி மேஜையிலிருந்து மூக்கை உறிஞ்சினார். "பரவாயில்லையே, உனக்கும் வேர்க்குது. இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே." வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் பேசின முதல் பேச்சு அது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கூண்டுப் பக்கத்தில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது, அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. பயம் எங்கே போயிற்றென்றே தெரியாமல் அவள் கூண்டுக்கு உள்ளேயே போய்த் தரையில் உட்கார ஆரம்பித்தாள். மனசுக்குள் அவள் வேண்டினதெல்லாம் ஒன்றுதான்: ஒரு வாய், ஒரே ஒரு வாய் சாப்பிட்டுவிடு, என்னைப் பிடிக்கக்கூட வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அலுப்பில் சுவரில் சாய்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டாள். இடுப்புப் பக்கம் ஏதோ இழுத்தது. கண்ணைத் திறந்தால், ஏப்ரனின் முனை அதன் வாயில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, பச்சைக் குழந்தை மாதிரி சப்பிக்கொண்டிருந்தது. பளிச்சக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரமோ தெரியாது, கால் மரத்துப்போயிற்று. அப்புறம் மெல்லக் கையை நீட்டிச் சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பக்கத்தில் நகர்த்தினாள். அது முகர்ந்தது. அவளை ஒரு முறை பார்த்தது. சாப்பிட்டது. பாதிக் கிண்ணம்தான், ஆனால் சாப்பிட்டது.

அவள் அழுத அழுகையில் தம்பி வேன் சாவியை எறிந்துவிட்டு ஓடி வந்தான். என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோய் வந்தவன், கிண்ணத்தைப் பார்த்துவிட்டுக் கூடவே உட்கார்ந்து அழுதான். அங்கேயே வைத்து அவனிடம் சீட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"தெரியும்கா. மேடம் அன்னிக்கே சொல்லிட்டாங்க. உன்னைத் திட்டலாம்னு நாலு நாளா சான்ஸ் பாத்துக்கிட்டிருக்கேன். நீயோ ஒரே அழுக்கா உக்காந்திருக்கே, எங்க திட்டறது?"

அடுத்த வாரம் தத்தெடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். "முடி கொட்டுமே, கடைக்கு ஆகுமா?" என்று காப்பகத்து அம்மா கேட்டார். "கொட்டட்டும் மேடம். எடுக்கத் தெரியும் எனக்கு." போர்வை நம்பரையே சுருக்கி நாய்க்கு ரெண்டு என்று பெயராயிற்று. கடைக்கு வருகிறவர்கள், "அப்ப ஒண்ணு எங்க?" என்று கேட்பார்கள். "ஒண்ணு நான்தான்" என்பார் வீட்டுக்காரர், இஸ்திரியிலிருந்து தலையைத் தூக்காமல்.

வாசலில் ஒரு பலகை மாட்டினாள்: இங்கே நாய் உண்டு, துணியில் முடி இருந்தால் மறுபடி துவைத்துத் தரப்படும். இரண்டு வாடிக்கைக்காரர்கள் வேறு கடை பார்த்துப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போர்வை வந்து இறங்கினால் ரெண்டு ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு மெஷினுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். அவள் வாய் ஓயாமல் அதனிடம் பேசிக்கொண்டே துவைப்பாள். அவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒன்றுமில்லை. அவளே அப்படித்தான் சொல்வாள்.

ஒரே ஒரு பயம் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. அவள் கையால் வைத்தால்தான் ரெண்டு சாப்பிட்டது. அவள் மார்க்கெட்டிலிருந்து வரத் தாமதமானால் கிண்ணம் அப்படியே இருக்கும். ஒரு ஆளைப் பறிகொடுத்ததற்கே செத்துப் பிழைத்த ஜீவன். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால்?

அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே பித்தப்பையில் கல் என்றார் டாக்டர். ஆபரேஷன், மூன்று நாள் ஆஸ்பத்திரி. இரண்டு தடவை தேதி குறித்து இரண்டு தடவையும் நழுவினாள். வலி வந்தால் மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மூன்றாம் தடவை வீட்டுக்காரர் கத்தினார், "நாய் சாப்பிடாதுன்னு நீ சாகப் போறியா?" அதற்குமேல் தட்ட முடியவில்லை. போகிற அன்று காலையில் ரெண்டின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வந்துடுவேன். கண்டிப்பா வந்துடுவேன். நீ சாப்பிடணும், கேட்டியா?" என்றாள். அதற்கு என்ன புரிந்ததோ.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததிலிருந்து அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானம் வீட்டுக்காரர் வந்தார். வந்தவர் அவசரமில்லாமல் ஃபிளாஸ்க்கை வைத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சொல்லுங்களேன்! ரெண்டு என்ன பண்றான்?"

"நேத்துப் பகல் முழுக்க வாசல்லயே படுத்திருந்தான். கூப்பிட்டேன், வரல. சரி, உன் வேலையை நீ பாருன்னு நான் பாட்டுக்கு இஸ்திரி போட்டேன். சாயங்காலம் எழுந்து வந்தான். என் காலுக்குக் கீழ படுத்தான். கிண்ணத்தை வச்சேன்."

"வச்சு?"

"சாப்பிட்டான்."

"எவ்வளவு?"

"ஒரு பருக்கை மிச்சமில்ல. காலையிலயும் சாப்பிட்டான். கிண்ணத்தை நக்கி நகத்திக்கிட்டே மெஷின் வரைக்கும் போயிட்டான்."

நான் இல்லாமலா, என்று ஒரு சின்னக் கோபம் எட்டிப் பார்த்தது, வாஸ்தவம்தான். அடுத்த நொடி கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது. தையல் போட்ட வயிறு, அழக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நிறுத்த முடியவில்லை. கட்டில் கட்டிலாக மாத்திரை கொடுத்துக்கொண்டு வந்த நர்ஸ் பதறிப்போய் ஓடி வந்தாள்.

"என்னம்மா, ரொம்ப வலிக்குதா? டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"வலியெல்லாம் இல்ல சிஸ்டர்" என்றாள் பளிச்சக்கா, விக்கலுக்கு நடுவில். "வீட்ல சாப்பிட்டுட்டாங்களாம்."